வாள் ஆளாகி வந்தால்... – வகுப்பறைக்கு ஒரு வரலாற்றுப் பயிற்சி

மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முன்பெல்லாம் அங்கே நடிகர்களின் பெயர்களும் கிரிக்கெட் அணிகளும் இருக்கும். இப்போது பெரிய கண்களும் கூரான முடியும் கையில் நீண்ட வாளுமாக ஜப்பானிய அனிமே உருவங்கள் இடம்பிடித்திருக்கின்றன. ஓசூர்ப் பகுதிப் பள்ளிகளில் இதை இன்னும் கூடுதலாகப் பார்க்கலாம். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் தமிழ், ஒருவர் தெலுங்கு, ஒருவர் கன்னடம், இன்னொருவர் இந்தி அல்லது ஒடியா பேசுவார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக அமைந்துவிட்ட கதை உலகங்களில் ஒன்று அனிமே.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் கருப்பு உடை அணிந்து, ஒரு கண்ணை மறைத்துக் கட்டிய இளைஞனை வரைந்திருந்தான். யாரென்று கேட்டேன். "இது ஆள் இல்லை மிஸ், வாள்" என்றான். அந்த வாளைச் செய்தவர், வைத்திருந்தவர், அது எரிந்துபோன ஆண்டு என எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னான். பல்லவர் ஆட்சிக் காலத்தை நினைவில் வைக்கத் திணறுகிற மாணவன்தான் அவன். ஒரு பொருளை மனிதனாக்கிவிட்டால் வரலாறு எப்படி மனத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பதையும், அதே வழியில் நம் ஊர் வரலாற்றை எப்படிக் கற்பிக்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்த வாள்?

"தோக்கென் ரன்பு" என்பது 2015-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியான ஒரு கணினி விளையாட்டு. 2016 முதல் அது அனிமே தொடர்களாகவும் வந்தது. ஜப்பானின் புகழ்பெற்ற வாள்கள் இதில் மனித உருவெடுத்து வருகின்றன. காலத்தில் பின்னோக்கிச் சென்று வரலாற்றை மாற்ற முயல்வோரைத் தடுத்து நிறுத்துவதே அவற்றின் வேலை. நீண்ட காலம் பயன்பட்ட பொருளுக்குள் ஆவி குடிகொள்ளும் என்பது ஜப்பானியரின் பழைய நாட்டார் நம்பிக்கை. கதையின் வேர் அங்கே இருக்கிறது.

மாணவன் வரைந்த பாத்திரத்தின் பெயர் ஷொக்குதாய்கிரி மிட்சுததா. மிட்சுததா என்பது 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு வாள் கொல்லரின் பெயர். ஷொக்குதாய்கிரி என்றால் "விளக்குத்தண்டை வெட்டியது" என்று பொருள். இந்த வாளை வைத்திருந்தவர் தாத்தே மசமுனே என்ற குறுநில மன்னர் (1567–1636). விளக்குத்தண்டின் பின்னால் மறைந்திருந்த ஒருவரை அவர் வெட்டியபோது விளக்குத்தண்டும் சேர்ந்து துண்டானது என்று கதை சொல்கிறார்கள். மசமுனே ஒரு கண்ணை இழந்தவர். அதனால்தான் அனிமேயில் அந்த வாளும் ஒரு கண்ணை மறைத்துக் கட்டியிருக்கிறது.

பின்னாளில் மிட்டோ நகரத்துத் தொக்குகவா குடும்பத்திடம் சென்ற அந்த வாள், 1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த பெரும் காண்டோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் கருகியது. அது அழிந்துபோனது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். விளையாட்டு வெளியான பின் ரசிகர்கள் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கவே, மிட்டோவில் உள்ள தொக்குகவா அருங்காட்சியகம் கருகிய அந்த வாளை 2015-இல் காட்சிக்கு வைத்தது. கறுத்த இரும்புத் துண்டு ஒன்றைப் பார்க்க இளைஞர்கள் தேடிச் சென்றார்கள்.

ஹொத்தாருமாரு என்று இன்னொரு வாள் உண்டு. ஹொத்தாரு என்றால் மின்மினி. போரில் விளிம்பு சிதைந்த அந்த வாளை மின்மினிகள் கூட்டமாக வந்து மொய்ப்பதாக அதன் உரிமையாளர் கனவு கண்டார் என்றும், விழித்துப் பார்த்தால் வாள் சரியாகியிருந்தது என்றும் மரபுக்கதை கூறுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்த வாள் காணாமல் போயிற்று. அதே போன்ற வாளைப் புதிதாகச் செய்ய 2015-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது ரசிகர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள்.

ஆசிரியராக இங்கே நான் கவனிப்பது ஒன்றைத்தான். ஒரு பொருளுக்குப் பெயர், பிறந்த இடம், உடன் வாழ்ந்தவர், பட்ட காயம், இப்போதைய இருப்பிடம் ஆகிய ஐந்தையும் கொடுத்தால் பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

நம் மரபில் ஆளான ஆயுதங்கள்

ஆயுதம் ஆளாவது நமக்குப் புதிதன்று. சிற்ப நூலார் இதை "ஆயுதபுருஷர்" என்பர். குப்தர் காலம் தொட்டே திருமாலின் சக்கரமும் கதையும் மனித வடிவில் செதுக்கப்பட்டு வந்துள்ளன. கதை என்ற வடசொல் பெண்பால் என்பதால் கௌமோதகி என்னும் கதாயுதத்தைப் பெண்ணாக வடிப்பார்கள். மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி மண்டபத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் ஆசிரியர்கள், அங்குள்ள பள்ளிகொண்ட பெருமாள் சிற்பத்தின் அருகே சற்று நின்று பாருங்கள். சுற்றிலும் உள்ள சிற்றுருவங்களில் சிலவற்றை ஆயுதங்களின் ஆள் வடிவங்கள் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். மதுரை அருகே திருமோகூரில் சக்கரமே பதினாறு கைகளுடன் சக்கரத்தாழ்வாராக நிற்கிறது. சிவன் கோயில் தீர்த்தவாரியில் நீராட்டப்படும் அஸ்திரதேவரும் சூலத்தின் தெய்வ வடிவமே.

இவற்றையெல்லாம்விட நம் பொருளுக்கு நெருக்கமானவர் பேயாழ்வார். திருமாலின் வாளுக்கு நாந்தகம் என்று பெயர். அந்த வாளின் அம்சமாக மயிலாப்பூரில் தோன்றியவர் பேயாழ்வார் என்பது வைணவ மரபு. பொய்கையாழ்வார் சங்கின் அம்சம், பூதத்தாழ்வார் கதையின் அம்சம், திருமழிசையாழ்வார் சக்கரத்தின் அம்சம், திருமங்கையாழ்வார் வில்லின் அம்சம் என்று ஐந்து ஆயுதங்களும் ஐந்து கவிஞர்களாகின்றன. வாள் மனிதனாகி வந்து என்ன செய்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சண்டை போட்டது என்றுதான் சொல்வார்கள். நம் மரபில் அது நூறு வெண்பாக்கள் கொண்ட மூன்றாம் திருவந்தாதியைப் பாடியது. ஆயுதத்தைக் கவிஞராகப் பிறப்பித்த இந்தக் கற்பனையைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வியந்து கேட்பார்கள்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒடிசாவிலிருந்து வந்திருந்த மாணவி எழுந்து, பூரி ஜகந்நாதர் கோயிலில் சுதர்சனம் ஒரு மரத்தூண் வடிவில் இருப்பதாகவும், தேரோட்டத்தில் அது சுபத்திரையின் தேரில் ஏறும் என்றும் சொன்னாள். அதுவரை அவள் வகுப்பில் தானாக எழுந்து பேசியதில்லை. அனிமேயில் தொடங்கிய பாடம் மயிலாப்பூர் வழியாகப் பூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அரசனுக்குப் பதிலாக வாள்

புறத்திணை நடத்தும்போது "வாள்நாட்கோள்", "குடைநாட்கோள்" என்ற துறைகளை நாம் விளக்கத்தோடு கடந்துவிடுகிறோம். போருக்குப் புறப்பட நல்ல நேரம் குறித்தாகிவிட்டது. அரசனால் அப்போது கிளம்ப முடியவில்லை. அந்த நேரத்தில் அவனுடைய வாளையோ குடையையோ முன்னே அனுப்பிவிடுவார்கள். வாள் புறப்பட்டால் அரசன் புறப்பட்டதாகவே பொருள். நல்ல நேரத்தில் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுநாள் ஊருக்குக் கிளம்பும் "பரஸ்தானம்" என்ற பழக்கம் அறிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வரச் சொன்னால் இந்தத் துறை மாணவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

இதன் அண்மைக்கால எடுத்துக்காட்டு நம் எல்லைக்கு அப்பால், மைசூரில் உள்ளது. மைசூர் அரச குடும்பத்தின் "பட்டத கத்தி" என்னும் வாளுக்குத் தசராவின்போது பூசை நடக்கும். அக்குடும்பத்தின் தலைவர் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் 2013 டிசம்பரில் மறைந்தார். அடுத்த வாரிசு 2015-இல்தான் பட்டம் ஏற்றார். இடைப்பட்ட 2014 தசராவில் தனியார் தர்பாரின்போது அரியணையில் அந்த வாள் வைக்கப்பட்டது. ஆள் இல்லாத இடத்தில் வாள் அமர்ந்தது. கன்னடம் பேசும் மாணவர்கள் பலர் தசரா ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அவர்களைக் கொண்டே இதைச் சொல்ல வைக்கலாம்.

உடைந்த வேலும் ஒளிரும் வேலும்

ஷொக்குதாய்கிரியின் கருகிய உடலைப் போலவே, காயம்பட்ட ஆயுதத்தைச் சாட்சியாக நிறுத்திய ஒரு பாட்டு நம்மிடம் உண்டு. அதுவும் நம் மண்ணைச் சேர்ந்தது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் பாடியது புறநானூற்றின் 95-ஆவது பாட்டு. உன் ஆயுதங்கள் மயில்தோகை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த இடத்தில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனின் ஆயுதங்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வது போலத் தோன்றும். உண்மையில் பழுதுபட்ட ஆயுதம்தான் தன் உரிமையாளரைப் பற்றி உயர்வாகப் பேசுகிறது.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் அதிலிருந்துதான் பிரிந்தது. அதியமானின் கொல்லன் பட்டறை எங்கோ தொலைவில் இருந்ததாக நம் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை.

மண்ணுக்குள் இரும்பு, கல்லில் வாள்

பர்கூர் வட்டம் தொகரப்பள்ளி அருகில் உள்ள மயிலாடும்பாறையின் பெயரை மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பேராசிரியர் கா. ராஜன் 2003-இல் அங்கு அகழாய்வு செய்தார். பின்னர் 2021-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தியது. அங்கு கிடைத்த கரிம மாதிரிகளின் காலக்கணக்கீட்டின்படி, தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172-ஆம் ஆண்டளவுக்குச் செல்கிறது என்று 2022 மே மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட "இரும்பின் தொன்மை" அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் சான்றுகளைக் கொண்டு இந்தக் காலத்தை மேலும் பின்னுக்குக் கொண்டு சென்றது.

மண்ணுக்குள் இருப்பதைத் தொல்லியலாளர்தான் எடுக்க வேண்டும். கல்லில் இருப்பதை நாமே பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் நிறைந்த மாவட்டம். ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்தவர், புலியோடு போராடி மாண்டவர், ஊரைக் காத்து வீழ்ந்தவர் எனப் பலருக்கும் இங்கே கல் நட்டிருக்கிறார்கள். பல ஊர்களில் இக்கற்களை வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்களில் வீரகல்லு என்பார்கள். கல் எடுப்பதற்குரிய காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது.

ஜப்பானியக் கதையில் வாள் மனிதனாகிறது. நம் ஊரில் மனிதன் கல்லாகிறான். அவன் கையில் வாள் அப்படியே இருக்கிறது. நடுகல்லைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் எளிதுதான். வலக்கையில் ஓங்கிய வாள், இடக்கையில் வில் அல்லது கேடயம், இடையில் குறுவாள், உடலில் தைத்த அம்புகள், காலருகே மாடு அல்லது புலி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கல் அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் கீழே போர்க்காட்சி, நடுவில் வீரனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் பெண்கள், உச்சியில் அவன் இறைவனை அடைந்த காட்சி என்று கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எழுத்து இருந்தால் அது தமிழாகவோ கன்னடமாகவோ இருக்கலாம். பழைய கற்களில் வட்டெழுத்தும் உண்டு.

மனிதருக்கு மட்டுமே கல் பேசியது என்றும் எண்ண வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில் வீரனின் அருகே ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும் அது கள்வர் இருவரைக் கடித்தது என்றும் கல்வெட்டு சொல்கிறது. இதைச் சொன்ன நாளில் வகுப்பில் கடைசி வரிசை வரை அமைதி நிலவியது. மகேந்திரவர்மன் பெயர் இப்போது யாருக்கும் மறப்பதில்லை.

உக்கு – உருக்கு

அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. எஃகைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் உக்கு என்பார்கள். தமிழில் உருக்கு. இங்கிருந்து மேலைநாடுகளுக்குச் சென்ற புகழ்பெற்ற எஃகு "வூட்ஸ்" எனப்பட்டது. உக்கு என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். மின்சாரப் பாடத்தில் வரும் மைக்கேல் பாரடே இந்த எஃகையும் ஆய்வு செய்தவர்.

ஜப்பானிய வாளின் வளைவும் விளிம்பில் தெரியும் அலைக்கோலமும் எப்படி வருகின்றன? வாளின் முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவார்கள். விளிம்பு வேகமாகக் குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து ஓரளவு நெகிழ்வோடு இருக்கும். இந்த வேறுபாட்டால் வாள் வளைகிறது. தீயில் கருகிய வாள் மீண்டும் சூடேறி மெல்ல ஆறியதால் அந்தக் கடினத்தை இழந்துவிட்டது.

இதை விளக்க நம்மைவிடத் தகுதியானவர்கள் பெற்றோரில் இருக்கிறார்கள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை செய்யும் ஒரு மாணவியின் தந்தையைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். பற்சக்கரத்தின் பல் கடினமாகவும் உள்பகுதி சற்று நெகிழ்வாகவும் ஏன் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். முழுவதும் கடினமாக்கினால் அதிர்ச்சியில் உடைந்துவிடும் என்றார். வாளுக்கும் அதே காரணம்தான். தன் தந்தை தினமும் செய்யும் வேலைக்கும் பாடப்புத்தகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்த மாணவி அன்று கண்டாள்.

வகுப்பறைச் செயல்பாடு: பொருள் பேசுகிறது

இதற்கு மூன்று பாடவேளைகள் போதும்.

முதல் பாடவேளையில் வீட்டில் உள்ள ஒரு பழைய கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பாட்டியின் அரிவாள்மணை, மாங்காய் பறிக்கும் துறட்டி, பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் கத்தரி, தந்தையின் ஸ்பேனர், தையல் மெஷின் என எதுவாகவும் இருக்கலாம். கூர்மையான பொருள்களைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது. படம் வரைந்து வந்தால் போதும். அக்கருவியிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்:

1. உன் பெயர் என்ன?
2. உன்னை யார், எங்கே செய்தார்?
3. யார் யார் கைகளில் இருந்தாய்?
4. உன் உடம்பில் உள்ள தேய்மானமும் காயமும் எப்படி வந்தன?
5. இப்போது எங்கே இருக்கிறாய்?

இரண்டாம் பாடவேளையில் கிடைத்த விடைகளை மூன்று பத்திகளாகப் பிரிக்க வேண்டும். "பார்த்தது", "கேட்டது", "கற்பனை" என்று தலைப்பிடுங்கள். இந்த அட்டவணைதான் செயல்பாட்டின் உயிர். முதலில் அனிமே வாளைக் கொண்டு கரும்பலகையில் செய்து காட்டலாம். கருகிய இரும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அது பார்த்தது. விளக்குத்தண்டை வெட்டிய கதை கேட்டது. கண்ணை மறைத்த இளைஞன் கற்பனை. பேயாழ்வாருக்கும் அப்படியே. மூன்றாம் திருவந்தாதியின் நூறு பாடல்கள் நம் கையில் உள்ளன. நாந்தகத்தின் அம்சம் என்பது மரபு சொல்லக் கேட்டது. கேட்டது என்பதால் பொய் என்று ஆகிவிடாது. அதை எங்கிருந்து பெற்றோம் என்று தெரிந்து சொல்கிறோம், அவ்வளவே.

மூன்றாம் பாடவேளையில் அந்தப் பொருளே பேசுவதுபோல் ஒரு பக்கம் எழுத வேண்டும். கற்பனைக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கற்பனை வரிகளின் கீழ் பென்சிலால் கோடிட வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு எழுத்துக்குப் பதில் பேச்சு போதும். முகமூடி செய்து அணிந்துகொண்டு "நான்தான் துறட்டி" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்கவே இனிமையாக இருக்கும். வீட்டுமொழியில் தொடங்கித் தமிழில் முடிக்கவும் அனுமதிக்கலாம்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

வாளைப் பற்றிப் பள்ளியில் பேசலாமா என்ற தயக்கம் நியாயமானது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை ஆசிரியர் எவரும் மறக்க முடியாது. அதன்பின் நீதியரசர் சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு, பள்ளிகளில் சாதி உணர்வைக் களைவது பற்றி 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஆயுதத்தைப் பெருமையின் சின்னமாகக் காட்டும் காட்சிகள் பிள்ளைகளின் கைபேசியில் நாள்தோறும் வருகின்றன. நாம் பேசாமல் இருந்தால் அந்தக் காட்சிகள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கும்.

எங்கள் பள்ளிக்கு நடந்து போகும் தொலைவில் ஏரிக்கரையோரம் ஒரு நடுகல் இருக்கிறது. வாள் ஓங்கிய வீரன். மார்பில் இரண்டு அம்புகள். பின்னால் ஒரு மாடு. கல்லில் எழுத்து இல்லை. தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களோடு அங்கே போயிருந்தபோது ஒரு மாணவன், "இவர் எங்க ஆளுங்கதான்னு எங்க மாமா சொன்னார் மிஸ்" என்றான். உடனே இன்னொருவன், "இல்ல, எங்க ஆளுங்க" என்றான். இரண்டு குரலும் சற்று உயர்ந்தன. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அட்டவணையை எடுக்கச் சொன்னேன். "மாமா சொன்னது எந்தப் பத்தியில் வரும்?" என்று கேட்டேன். இருவரும் "கேட்டது" என்ற பத்தியில் எழுதினார்கள். "பார்த்தது" பத்தியில் எதை எழுதலாம் என்று கல்லைச் சுற்றி வந்தார்கள். வாள், அம்பு, மாடு. சாதியைக் காட்டும் எதுவும் அந்தக் கல்லில் இல்லை. சில நடுகல் எழுத்துகளில் குலப்பெயர் வருவது உண்டு. வந்தால் அதைப் "பார்த்தது" என்றே எழுதலாம். இந்தக் கல் அதைச் சொல்லவில்லை. ஒருவர் மாட்டை மீட்கப் போய் உயிரை விட்டார், ஊர் அவருக்குக் கல் நட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது.

அன்று ஒரு மாணவி அந்த வாளின் குரலில் எழுதியதன் சுருக்கம் இது: என்னைப் பிடித்திருந்தவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் கல்லில் எழுத யாரும் இல்லை. நான் வெட்டியது எத்தனை பேரை என்று கேட்காதீர்கள். அவர் திரும்பி வராத அன்று மாடுகள் திரும்பி வந்தன. வீட்டில் யார் அழுதார்கள் என்று கேளுங்கள். – இதில் பெரும்பகுதிக்கு அவள் பென்சில் கோடிட்டிருந்தாள். மாடு மட்டும் கோடு இல்லாமல் இருந்தது.

ஆகவே பொருளைப் பேச வைக்கும்போது "எத்தனை பேரை வென்றாய்" என்ற கேள்வியை விட்டுவிடுவோம். யாரை இழந்தாய், யாரைக் காத்தாய் என்று கேட்போம். சமயம் சார்ந்த செய்திகளை மரபுச் செய்தியாக, எல்லாச் சமயப் பிள்ளைகளும் கலந்துகொள்ளும் வகையில் சொல்வோம். அனிமே தொடர்கள் எல்லாமே எல்லா வயதினருக்கும் உரியவை அல்ல. ஆகவே தொடரை வகுப்பில் திரையிடத் தேவையில்லை. மாணவர்கள் அறிந்ததிலிருந்து தொடங்கினால் போதும்.

நடுகல்லைக் காணச் செல்லும்போது

தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் பெற்றுச் செல்ல வேண்டும். வழிபாட்டில் உள்ள கல் என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பார்த்தால் தேய்ந்த உருவமும் எழுத்தும் நன்றாகத் தெரியும். படமும் அப்போதே எடுக்கலாம். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டாம்; தவறாக எழுதினால் அடுத்து வருபவரும் தவறாகவே படிப்பார். மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினரின் பணி. கல்லைச் சுரண்டுவது, நகர்த்துவது, அருகில் தோண்டுவது எதுவும் கூடாது. மண்ணில் பழம்பொருள் தென்பட்டால் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் தருமபுரி அகழ்வைப்பகத்திலும் நடுகற்கள் காட்சிக்கு உள்ளன. ஊர்க்கல்லைப் பார்க்கும் முன் அங்கு ஒருமுறை அழைத்துச் சென்றால் ஒப்பிட்டுப் பார்க்க மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஓசூரைச் சுற்றி நிலம் வேகமாக மாறிவருகிறது. வயல் மனையாகிறது, வண்டிப்பாதை நான்குவழிச் சாலையாகிறது. வழியில் கிடக்கும் கல் எது, வரலாறு எது என்று மண் அள்ளும் இயந்திரத்துக்குத் தெரியாது. அந்தக் கல்லின் படம், அளவு, இருக்கும் இடம், ஊரார் சொல்லும் பெயர் ஆகிய நான்கும் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருந்தால் அதை யாரும் சத்தமில்லாமல் அகற்றிவிட முடியாது. ரசிகர்கள் விசாரித்ததால் ஒரு கருகிய வாள் மிட்டோவில் வெளிச்சத்துக்கு வந்தது. அப்படி விசாரிக்கக்கூடிய பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் உங்கள் பள்ளியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள ஒரு நடுகல்லையோ, பழைய கருவியையோ, கைவிடப்பட்ட கொல்லுப்பட்டறையையோ தேர்ந்தெடுங்கள். மூன்று பத்தி அட்டவணையை மாணவர்களே நிரப்பட்டும். நிரப்பிய தாளின் ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் அதில் ஒரு வரியாவது சேர்ப்பார்கள்.